திருடன் எடுப்பதற்குள்

கார்க் கண்ணாடி உடைந்திருக்கவில்லை. கதவும் ஒழுங்காகப் பூட்டியிருந்தது. உள்ளேதான் ஒன்றுமே இல்லை. பக்கத்து இருக்கையில் வைத்திருந்த சின்ன நீலப் பெட்டி இல்லை, குடை இல்லை, பின்னால் கிடந்த பழைய செருப்பு இல்லை, காலுக்கடியில் போட்டிருந்த விரிப்புகூட இல்லை. கடைக்குள் போய் ஒரு கைக்கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் இத்தனையும் நடந்திருந்தது. வைப்பரில் ஒரு அட்டையைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

"வாழ்த்துகள்! உங்கள் பொருட்கள் திருடப்படவில்லை. திருடன் எடுப்பதற்குள் நாங்கள் எடுத்துவிட்டோம். இப்படிக்கு, வாகன உடைமைப் பாதுகாப்புத் துறை."

இந்தத் துறையைப் பற்றி இதுவரை கேள்விப்படாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். காருக்குள் இருப்பது காணாமல் போகிறது, சமயத்தில் காரே காணாமல் போகிறது என்று ஜனங்கள் கூச்சல் போட்டதால், திருடர்களைப் பிடிப்பதற்காக ஆரம்பித்த துறை இது. முதலில் பிடிக்கத்தான் பார்த்தார்கள். ஆனால் திருடன் ஓடுகிறான், அவன் பின்னால் இவர்களும் ஓட வேண்டியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. பொருளோ பாவம், வைத்த இடத்திலேயே இருக்கிறது. உட்கார்ந்து யோசித்து, ஓடுகிறவனை விட்டுவிட்டு இருப்பதைப் பிடிப்பது என்று முடிவு செய்தார்கள். கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பாதுகாப்புக்காக ஒரு மாற்றுச் சாவியைத் துறையிடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவர்களின் கண்ணாடியைப் பாதுகாப்புக்காக உடைப்பார்கள். நான் சட்டத்தை மதிக்கிறவன், கொடுத்திருந்தேன்.

குடை போனால் போகட்டும், செருப்பும் தொலையட்டும். அந்த நீலப் பெட்டிக்குள் இருந்தது என் மனைவியின் பல்.

நான் பல் கட்டுகிறவன். பல் டாக்டர் வாயை அளவெடுத்து அனுப்புவார், நான் பட்டறையில் உட்கார்ந்து பல் செட் செய்து கொடுப்பேன். என் மனைவி ரயில் நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு செய்கிறவள். வண்டி தாமதமாக வரும் என்று அவள் சொன்னால், சண்டைக்கு எழுந்தவன்கூடச் சரி வரட்டும் என்று மறுபடி உட்கார்ந்துவிடுவான். அப்படிப்பட்ட குரல். சில மாதங்களுக்கு முன்னால் யாரோ தரதரவென்று இழுத்து வந்த பெட்டி தட்டி நிலையத்துப் படியில் விழுந்தாள். மேல்வரிசையில் முன்பல் நான்கும் போய்விட்டன. பேசினால் காற்று விசிலடித்துக்கொண்டு வெளியேறியது. அவளைப் பார்சல் பிரிவுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டாள். பேசினாலும் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான். சிரிப்பை அடியோடு விட்டுவிட்டாள். எனக்கு அது தாங்கவில்லை. ஊரில் பாதிப் பேர் நான் செய்த பல்லை வைத்துக்கொண்டு இளிக்கிறார்கள், என் வீட்டில் சிரிப்பில்லை. ஈறு ஆறும்வரை காத்திருந்து, செய்து, பிடிக்காமல் உடைத்து, மறுபடி செய்து, அன்று காலைதான் எனக்கே திருப்தியாக வந்தது. மாலை நாலு மணிக்கு அவளுக்குக் குரல் தேர்வு. தேறினால் பழைய நாற்காலி. தேறாவிட்டால் அதில் வேறொருத்தி நிரந்தரமாக உட்கார்ந்துவிடுவாள். பல்லை அவள் கையில் கொடுக்கும்போது பார்த்துக்கொள்ளட்டுமே என்றுதான் கண்ணாடி வாங்க இறங்கினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

துறையின் அலுவலக முற்றத்தில் காரை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். ஒப்படைப்புப் பிரிவு என்று எழுதிய ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பொருள்?"

"பல்லுங்க. முன்பல் நாலு. நீலப் பெட்டில இருக்கும்."

"இருக்கு, இருக்கு. ரொம்பப் பத்திரமா இருக்கு."

"அதக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

"குடுத்துட்டா அப்புறம் எப்படிங்க பத்திரமா இருக்கும்?"

தேர்வு விஷயத்தைச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாளுக்கும் மனசு இளகியது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"பல்லு உங்களுதா, அவங்களுதா?"

"அவளுதுதாங்க."

"அப்ப நீங்க யாரு?"

"அவ புருஷன்."

"பொண்டாட்டி பல்லைப் புருஷன்கிட்டக் குடுக்க விதி இல்லையே. சரி, அவங்க பல்லுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அவ வாயில வச்சா பொருந்தும்மா. வேற யார் வாயிலயும் பொருந்தாது."

"அப்ப வாயக் கொண்டு வாங்க."

வாய் அந்த நேரம் பார்சல் பிரிவில் மூட்டைகளுக்கு நடுவே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. போன் போட்டு, உன் அண்ணனைக் காரோடு கூட்டிக்கொண்டு உடனே கிளம்பி வா என்றேன். ஏன் என்றுகூட அவள் கேட்கவில்லை. "ம்" என்றாள். இந்த "ம்" ஒன்றைத்தான் இத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"வாய் வருதும்மா," என்றேன்.

"நல்லது. அதுக்குள்ள நீங்க வகுப்புல உக்காந்துட்டு வந்துடுங்க. விழிப்புணர்வு இல்லாதவங்க கையில பொருள் குடுக்கறதில்லை."

வகுப்பில் என்னைப் போலப் பறிகொடுத்தவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். ஒருவர் மடியில் ஸ்டியரிங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன முறை வகுப்பைக் கேட்டுத் திருந்தியவராம். எதற்கும் கையிலேயே இருக்கட்டும் என்று கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் கார் நடுரோட்டில் நிற்பதாகவும் பின்னால் பேருந்துகள் வரிசையாக நிற்பதாகவும் யாரோ வந்து சொன்னார்கள். அவர் பெருமையாகத் தலையாட்டினார்.

விளக்க அதிகாரி தொண்டையைச் செருமினார். "கார் திருட்டுக்கு முதல் காரணம் என்ன? யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

"பூட்டாம போறது," என்றார் ஒருவர்.

"சாவிய உள்ளயே விட்டுட்டு எறங்கறது," என்றாள் ஒரு பெண்.

"தப்பு. முதல் காரணம், கார். கார் இல்லாத வீட்டுல கார் காணாம போச்சுன்னு ஒரு புகாராவது வந்திருக்கா? நாங்க தேடிப் பார்த்துட்டோம், வரல. ரெண்டாவது காரணம், உரிமையாளர். திருடனோட முகத்தை நாங்க யாரும் பார்த்ததில்லை, முதுகைத்தான் பார்த்திருக்கோம். ஆனா திருட்டு நடந்த ஒவ்வொரு எடத்துலயும் ஒரு உரிமையாளர் இருந்திருக்கார். இது தற்செயல்னு நீங்க நெனக்கலாம். துறை நெனக்கல."

எல்லோரும் குற்ற உணர்ச்சியோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அதனால, வண்டிக்குள்ள எதையும் வெளிய தெரியற மாதிரி வைக்காதீங்க. மறைச்சும் வைக்காதீங்க. மறைச்சா, என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுடும்."

"அப்ப எங்க சார் வைக்கறது?"

"வைக்கணும்ங்கற ஆசைய விடுங்க."

பின்வரிசையில் ஒரு முதியவர் எழுந்தார். "ஆளு உக்காந்து போலாமுங்களா?"

அதிகாரி ஆழ்ந்து யோசித்தார். "தவிர்க்கறது நல்லது."

சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பேன், வாசலைப் பார்ப்பேன், மறுபடி அதைப் பார்ப்பேன். எழுந்து போனால் பல் கிடைக்காது, உட்கார்ந்தே இருந்தால் நேரம் போய்விடும். கால் தானாக ஆடத் தொடங்கியது. நாற்காலியும் சேர்ந்து ஆடியது.

"அதோ பாருங்க," என்று அதிகாரி என்னைச் சுட்டிக்காட்டினார். "கால் ஆடுது. மனசுக்குள்ள பாதுகாப்பு இல்லை. இவரு பல்லை வண்டிக்குள்ள வச்சவரு."

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்து உச்சுக் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஜன்னலுக்கு ஓடினேன். அந்த அம்மாள் அன்பாகச் சிரித்தார். "ஒரே ஒரு வேலைதான் பாக்கி. பொருளக் குடுத்தா அதே வண்டிலதான எடுத்துட்டுப் போவீங்க? அந்த வண்டி பாதுகாப்பானதான்னு பாத்துட்டா முடிஞ்சுது."

முற்றத்தில் நாலைந்து பேர் என் காரைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து அதிர்ந்துபோனார். "என்னங்க, ஸ்டியரிங்கோட நிக்குது! திருடன் வந்தா இதைப் பிடிச்சுத்தான ஓட்டுவான்?"

"நானும் அதைப் பிடிச்சுத்தாங்க ஓட்டறேன்."

"பாத்தீங்களா? ரெண்டு பேருக்கும் ஒரே வழி. அதான் ஆபத்து."

ஸ்டியரிங்கைக் கழற்றினார்கள். பிறகு, சக்கரம் இருந்தால் தள்ளிக்கொண்டு போவானே என்று இன்னொருவருக்குத் தோன்றியது. கழற்றிச் செங்கல் மேல் நிறுத்தினார்கள். இருக்கை இருந்தால் திருடன் சௌகரியமாக உட்கார்ந்துவிடுவான் என்று அதையும் தூக்கினார்கள். நான் குறுக்கே விழுந்து தடுக்கப் பார்த்தேன். "உணர்ச்சிவசப்படாதீங்க, உங்க நல்லதுக்குத்தான்," என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் கூடு மட்டும் நின்றது. அவர்களில் மூத்தவர் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து ரசித்தார்.

"இப்ப எவனாலயும் ஓட்டிட்டுப் போக முடியாது," என்றார்.

"அப்ப பல்லைக் குடுங்க."

"எதுல எடுத்துட்டுப் போவீங்க? வண்டிதான் ஓடாதே."

பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கிறது. படியேறி, இயக்குநர் என்று பலகை மாட்டிய அறைக்குள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். கத்திவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். ஆனால் இயக்குநர் மேஜை மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைவிட மோசமான நிலையில் ஒரு மனுஷனைப் பார்த்ததும் கத்த மனசு வரவில்லை.

"நீங்க பந்தல்காரரா?" என்றார்.

"இல்லைங்க, பறிகொடுத்தவன்."

"இன்னிக்குப் பாதுகாப்பு வாரத்தோட நிறைவு விழா. அமைச்சர் கீழ வந்து உக்காந்தாச்சு. திருடன்கிட்டேருந்து மீட்ட பொருளை மேடையில வச்சு உரியவங்க கையில ஒப்படைக்கணும். பொருள் இருக்கு, குடோன் வழியுது. உரியவங்க இருக்காங்க, தினமும் வந்து உயிரை வாங்கறாங்க. திருடன்தான் இல்லை. ஒரு ஊர்ல ஒரு திருடன் கெடைக்கலன்னா என்னங்க ஊரு இது?"

"போன தடவ என்ன செஞ்சீங்க?"

"எங்க டிரைவரை உக்கார வச்சோம். அமைச்சருக்கு அவரை அடையாளம் தெரிஞ்சுபோச்சு, மானம் போயிடுச்சு."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "சார், மீட்ட பொருளா இருந்தா உடனே குடுத்துடுவீங்களா?"

"மேடையிலயே."

"வகுப்பு? வண்டி சோதனை?"

"அதெல்லாம் திருடு போகாத பொருளுக்குத்தான்."

நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். "அப்ப நான்தான் சார் திருடன்."

இயக்குநர் மெதுவாக எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "நெஜமாவா சொல்றீங்க? உக்காருங்க, உக்காருங்க. தண்ணி சாப்பிடறீங்களா? இத்தன வருஷ சர்வீஸ்ல ஒரு திருடனை இவ்வளவு கிட்டப் பார்க்கறது இதுதான் முதல் தடவ. என்ன எடுத்தீங்க?"

"பல்லு."

"யாரோடது?"

"என் மனைவியோடது. அவளக் கேக்காம எடுத்து வண்டிக்குள்ள வச்சிருந்தேன்."

"கேக்காம எடுத்தீங்க. மறைச்சு வச்சீங்க. எங்க ஆளுங்க உங்க வண்டியச் சோதனை போட்டு மீட்டுட்டாங்க." அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் நாக்கில் வைத்துச் சுவைத்துச் சொன்னார். "அடடா! நாங்க இன்னிக்கு நல்லா வேலை பாத்திருக்கோம்!"

மேடையில் எனக்குத் தனி நாற்காலி போட்டார்கள். இரண்டு பக்கமும் இரண்டு காவலர்கள் நின்றார்கள். அவர்களில் ஒருவர் என்னோடு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் என் மனைவியும் அவள் அண்ணனும் வியர்க்க விறுவிறுக்க நுழைந்தார்கள். மச்சான் துறை சொன்ன பூட்டு அத்தனையும் காரில் மாட்டியவர். அதனால் அவராலேயே கதவைத் திறக்க முடியவில்லை, பேருந்தில் வந்திருந்தார்கள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே! இன்று காலை ஒரு பெண்மணியின் முன்பற்களைக் களவாடித் தன் வாகனத்தில் பதுக்கி வைத்திருந்த இந்த மனிதரைத் துறை பிடித்துவிட்டது. துறை எதற்கு, துறை எதற்கு என்று கேட்கிறீர்கள். இதோ, இவருக்காகத்தான். இவர் இல்லையென்றால் நாங்கள் இல்லை. இவரைப் போன்றவர்கள் பெருக வேண்டும்!"

அரங்கம் கை தட்டியது. அமைச்சரும் தட்டினார்.

"மாப்ளே, நீங்களா?" என்று மச்சான் கீழேயிருந்து கத்தினார். "நான் அப்பவே நெனச்சேன்!" எப்போது, எதை நினைத்தார் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

என் மனைவியை மேடைக்கு அழைத்தார்கள். வாயைப் பொத்தியபடியே வந்தாள். என்னைத் தாண்டும்போது கைக்குப் பின்னாலிருந்து, "என்னங்க இது கூத்து?" என்றாள். விசிலடித்தது.

"ஒண்ணும் பேசாத. வாங்கி மாட்டிக்கிட்டு ஓடு. நேரமாச்சு."

அமைச்சர் கையால் நீலப் பெட்டியைக் கொடுத்தார்கள். அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பட்டறையில் எவ்வளவு சரியாக இருந்தாலும், வாய்க்குள் போனால்தான் பல்லின் குணம் தெரியும். ஈறில் சரியாக உட்காராமல் கொஞ்சம் தூக்கிக்கொண்டாலும் போச்சு. அவள் திரும்பினாள். உதடு மூடியிருந்தது.

"துறையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்கம்மா," என்று மைக்கை நீட்டினார் இயக்குநர்.

மைக் அவள் கைக்குப் போனதும் முதுகு நிமிர்ந்தது. "என் பொருள் என்கிட்ட வந்து சேர்ந்துடுச்சு," என்றாள். "எனக்கு வேலை இருக்கு, நான் கிளம்பறேன்." ஒரு எழுத்தில்கூடக் காற்றுப் போகவில்லை. பின்வரிசையில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் தங்களையறியாமல் உட்கார்ந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், காவலர்களைப் பார்த்தாள், தயங்கினாள். போ, போ என்று கண்ணைக் காட்டினேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். மச்சானும் பின்னால் ஓடினார்.

என்னைத் திருடர் அறைக்கு அழைத்துப் போனார்கள். திருடரே வராததால் கார்களிலிருந்து எடுத்த விரிப்புகளை அங்கே மலைபோலக் குவித்திருந்தார்கள். பூட்டும் கிடையாது. பூட்டு திருடு போய்விடுமே என்று கழற்றி வைத்திருந்தார்களாம். விரிப்புக் குவியலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன். புதுப் பல் முதல் நாள் ஈறை உறுத்தும், வாயில் எச்சில் ஊறும், நாக்கு போய்ப் போய் இடிக்கும். தேர்வுக்கு முன்னால் தண்ணீர் குடி என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். இடது ஓரத்தை இன்னும் ஒரு இழை ராவியிருக்கலாமோ? நாலு மணி ஆகி, அதற்கு மேலும் ஆகி, வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. யாரும் வரவில்லை. பேருந்து கிடைத்ததா, நேரத்துக்குப் போனாளா, ஒன்றும் தெரியவில்லை. போனை எங்கே என்று பார்த்தால், அதையும் பாதுகாப்புக்காக எடுத்து வைத்திருந்தார்கள்.

கடைசியில் வந்தது இயக்குநர். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஒரு சின்ன விஷயம். உங்க வண்டியக் காணோம்."

"உங்க முற்றத்துலதான நின்னுது?"

"அங்கேருந்துதான் போயிருக்கு. பழைய இரும்பு எடுக்கறவன் லாரில வந்திருக்கான். ஸ்டியரிங் இல்ல, சக்கரம் இல்ல, சீட்டு இல்ல. வேண்டாத சாமான்னு நெனச்சுட்டான். எங்க ஆளுங்களும் ஒரு கை பிடிச்சுத் தூக்கி விட்டிருக்காங்க." கொஞ்சம் தயங்கினார். "அதையும் நீங்களே எடுத்ததா ஒத்துக்கிட்டீங்கன்னா..."

"நான் இங்க உங்க காவல்ல இருந்தேனே சார்!"

"அதுதான் எங்களுக்கும் இடிக்குது. ஆனா இந்த ஊர்ல எங்களுக்குத் தெரிஞ்ச திருடன் நீங்க ஒருத்தர்தான். நான் வேற யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு என் மனைவி வந்தாள். ஓடி வந்ததில் முகம் சிவந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவே பயமாக இருந்தது.

"என்ன ஆச்சு?"

"நாளைக்குக் காலைல முதல் வண்டிய நான்தான் சொல்றேன்," என்றாள்.

அப்படியே விரிப்பு மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"இங்க என்ன நடக்குது? இன்னும் ஏன் இவரை வச்சிருக்கீங்க?" என்று அவள் இயக்குநரைக் கேட்டாள். அவர் வண்டிக் கதையை மறுபடி முதலிலிருந்து, மரியாதையாக, எதையும் விடாமல் சொன்னார். ஆட்கள் ஒரு கை பிடித்து ஏற்றிவிட்ட இடம் வந்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. குபீரென்று சிரித்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுசாகத் திறந்து சிரித்தாள். அந்த வரிசையில் எது அவள் பல், எது நான் கட்டிய பல் என்று எனக்கே தெரியவில்லை.

இயக்குநர் அதை உற்றுப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது. "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பல்லு ரொம்ப லட்சணமா இருக்கு. வெளிய தெருவுல இப்படிச் சிரிக்காதீங்க. நாலு பேர் கண்ணுல பட்டா ஆபத்து. கையால மூடிக்கங்க. துறையோட அறிவுரை இதுதான்."

பழக்க தோஷம், அவள் கை பாதி தூரம் எழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு அதே கையால் என் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்."

யாரும் தடுக்கவில்லை. தடுக்கவும் அங்கே பூட்டில்லை. வண்டி இல்லாததால் நடந்தே போனோம். வழி நெடுக அந்த லாரியை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகத் தெரியட்டும் என்று, கடை விளக்குகள் எரிந்த பக்கமாக அவளை நடக்கவிட்டேன்.